நீள வார்த்தையைப் பின்னாலிருந்து பிரி
மான்செஸ்டர்

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நலம். குளிர்காலம், மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.

நர்ஸிங் பாடத்தில் வரும் நீள வார்த்தைகள் மனசில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். வார்டில் ஷிஃப்ட் மாறும்போது அவைதான் மடமடவென்று வந்து விழும். மனப்பாடம் வேண்டாம், பிரித்துப் படி. வாய்க்குப் பிரிப்பது வேறு, பொருளுக்குப் பிரிப்பது வேறு.

டான்சிலெக்டமியை எடுத்துக்கொள். சொல்லும்போது டான்-சி-லெக்-ட-மி என்று ஐந்து அசை. பொருளுக்கு டான்சில், எக்டமி என்று இரண்டே துண்டு. எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. பால், ஆடை சேர்ந்து பாலாடை ஆகும்போது 'லா' வருகிறதே, அப்படித்தான் இந்த 'லெ'யும். அசையை வைத்துப் பொருள் தேடினால் தடுமாறுவாய்.

கடைசித் துண்டிலிருந்து தொடங்கு. ஐட்டிஸ் என்றால் அழற்சி. ஆட்டமி கீறுவது, ஆஸ்டமி திறப்பு வைப்பது. கோலெக்டமியில் பெருங்குடலை வெட்டி எடுக்கிறார்கள். கொலாஸ்டமியில் அதை வயிற்றின் மேல் திறந்து பை மாட்டுகிறார்கள். இவற்றை மாற்றிக் கேட்டால் பராமரிப்பே மாறிப்போகும்.

நடுவில் வரும் 'ஓ' வெறும் இணைப்பு. கேஸ்ட்ர் என்றால் இரைப்பை. அந்த 'ஓ' கேஸ்ட்ரோஸ்கோப்பியில் இருக்கும், பின்னொட்டு உயிரெழுத்தில் தொடங்கும் கேஸ்ட்ரைட்டிஸில் விழுந்துவிடும். இரைப்பை, குடல் என்று இரண்டு உறுப்பு சேரும் கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸில் அடுத்தது உயிராக இருந்தாலும் விழாது.

ரொம்பக் கவனிக்க வேண்டியது ஹைப்போகிளைசீமியா. ஈமியா இரத்தம், கிளைஸ் சர்க்கரை, ஹைப்போ குறைவு. ஹைப்பர் என்றால் அதிகம். ஆனால் இங்கத்தவர்கள் அந்தக் கடைசி 'ர்'ரை உச்சரிப்பதில்லை; 'ஹைப்ப' என்றுதான் காதில் விழும். ஹைப்போவா ஹைப்பரா என்று ஊகிக்காதே, சர்க்கரை அளவின் எண்ணைக் கேள். இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கு; 4க்குக் கீழே போனால் குறைவு. 18ஆல் பெருக்கினால் நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 72.

அழுத்தத்தையும் பழகு. நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறோம், இவர்களுக்கோ அழுத்தம் இடம் மாறினால் வார்த்தையே புரியாது. கார்டியோகிராமில் 'கார்', கார்டியாலஜியில் 'ஆல்'. எக்டமியில் 'எக்', ஐட்டிஸில் 'ஐ'.

நெஃப்ரைட்டிஸ், ஹிஸ்டரெக்டமி, ட்ரக்கியாஸ்டமி மூன்றையும் இரண்டு விதமாகவும் பிரித்து அடுத்த கடிதத்தில் எழுது. திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா