பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

பாப்பா,

மல்லிப்பட்டினத்தில் எடுத்த வீடியோவை அம்மா நாலு தடவை போட்டுக் காட்டினாள். பதினோராவது படிக்கிற பிள்ளைகள் முட்டியளவுத் தண்ணீரில் பைப் சட்டத்தைப் போட்டுக் கடற்புல் எண்ணுவது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிவப்புச் சட்டைப் பையன் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான். தேய்த்து நடக்கச் சொல். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், மிதித்தால் முள்ளால் அடித்துவிடும்.

நீ பேசி இருபது நாள் ஆகிறது. வேலை இருக்கும், சரி. 2022-ல் ஆவுளியாவுக்கென்று, அதுதான் கடற்பசுவுக்கென்று, 448 சதுர கிலோமீட்டர் கடலை ஒதுக்கினார்களே, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் மகள்தான் என்று டீக்கடையில் நான் அளந்துகொண்டிருக்கிறேன், உனக்கு ஒரு போன் போட நேரமில்லை. ஆவுளியா மேய்ந்த தடத்தைக் காட்டினாயா? புல்லுக்கு நடுவில் ஏர் ஓட்டிய சால் மாதிரி, வேரோடு பிடுங்கிய மணல் நீளமாகத் தெரியுமே. உனக்கு முதலில் அதைக் காட்டியது யார் என்று சொன்னாயா? காலைத் தேய்த்து நடக்கச் சொல், மறக்காதே.

முகாமுக்கு வந்து பேசச் சொன்னாய், முட்டிவலி என்றேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, 'தாத்தா, நீங்க பிடிச்சிருக்கீங்களா?' என்று கேட்குமே.

நீ மூணாவது படிக்கும்போது திருக்கை வலையில் ஆவுளியா ஒன்று மாட்டியது. மூச்செடுக்க மேலே வர முடியாமல், நாங்கள் வலை வாங்கப் போவதற்குள் செத்திருந்தது. குற்றம் என்று தெரியும், செத்ததுதானே என்று இருட்டோடு கரையில் வைத்து அறுத்தோம். காம்பில் பால் வந்தது. குட்டி எங்கே என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆட்டுக்கறி என்று அன்றைக்கு நான் கொண்டுவந்தது அதுதான். நீ இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

விடியுமுன் விலா எலும்புகளை வத்தைப் படகில் கொண்டுபோய்க் கடலில் போட்டேன். கல்லாக இறங்கின. இப்போது நீ அந்த மாதிரி எலும்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, உள்ளே பொந்தே கிடையாது, இந்தக் கனத்தில்தான் அது மிதக்காமல் அடியில் மேய்கிறது என்கிறாயாமே. அந்தக் கனம் எனக்குத் தெரியும்.

படித்த பிறகும் வரச்சொன்னால் வருகிறேன். கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் நீ சொல். அம்மாவுக்குத் தெரியாது, அவளிடம் கேட்காதே.

அந்தச் சிவப்புச் சட்டைப் பையனைப் பார்த்துக்கொள்.

அப்பா