பம்மைக் கழற்ற முதல்: நுவரெலியாவுக்கு லொறி விடும் யாழ்ப்பாணத்து உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கொழும்பு ஓட்டம் மட்டும் ஓடுகிறவர்களுக்கு இந்த மடல் அவ்வளவாகத் தேவைப்படாது. இங்கிருந்து வெங்காயம் ஏற்றிப் போய், நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் மருதனார்மடத்துக்கும் திரும்புகிற லொறிக்காரருக்காகவே எழுதுகிறேன். மார்கழி பிறந்தால் டீசல் வேலை செய்கிற எங்களிடம் உங்கள் லொறிகள் வரத் தொடங்கும். முறைப்பாடு ஒன்றுதான்: "குளிருக்கு நிண்டு போகுது." கனபேர் வரும்போதே எஞ்சினுக்கு டீசலை அழுத்திக் கொடுக்கிற பம்மைக் கழற்றிச் செய்து, டீசலைச் சீறி விடுகிற நொசிலும் மாற்றி, பெருந்தொகை கொட்டிவிட்டுத்தான் வருகிறீர்கள். லொறி இன்னும் நிற்கிறது.

ஒரு விசயத்தை யோசித்துப் பாருங்கள். நுவரெலியாவிலேயே இருக்கிற லொறியும் பஸ்ஸும் அதே குளிரில், அதே டீசலில் விடிய ஸ்ராட் ஆகி ஓடுகின்றன. நிற்பது கீழிருந்து போனவை. அப்படியென்றால் குளிரை மட்டும் பிடித்து ஏசி என்ன பயன்?

குளிர் ஒன்றும் சின்ன விசயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தை மாத விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அங்கே சில இரவுகளில் புல்லில் உறைபனி பிடிக்கும். காற்றழுத்தமும் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். உள்ளே போகிற காற்று 20 பாகை குளிர்ந்திருந்தால், அழுத்தி முடிகிறபோது அந்தக் குறை 50, 60 பாகையாகப் பெருத்துவிடும்.

ஆனால் உங்கள் கன்டர், எல்ஃப் என்கிற ஜப்பான் லொறிகளைச் செய்தவர்களுக்கு இது தெரியாததா? ஜப்பானில் டீசலையே குளிருக்கேற்ப ஐந்து தரமாகப் பிரித்திருக்கிறார்கள். −30 பாகை வரை உறையாத தரம்கூட உண்டு. அந்த ஊர்க் குளிரில் ஓடுவதற்கென்றே, டீசல் எரிகிற அறையைச் சூடாக்குகிற ஹீற்றர் பிளக், தேமோஸ்டாற், எஞ்சினைச் சூடாக்குகிற ஏற்பாடு எல்லாம் பூட்டித்தான் லொறி கப்பல் ஏறியது. அவற்றைக் கழற்றியது யாழ்ப்பாணத்தில்.

தேமோஸ்டாற்றை எடுங்கள். எஞ்சின் தண்ணீர் 80 பாகை தாண்டும்வரை ரேடியேற்றருக்குப் போகாமல் மறித்து வைத்திருக்கிற சின்ன வால்வு அது. லொறி சூடேறுகிறது என்று யாராவது வந்தால் இங்கே முதலில் பறிபோவது அதுதான். "எங்கட வெக்கைக்கு உது தேவையில்லை" என்று கழற்றி மூலையில் போடுவார்கள். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கமே போகாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றும். சூடு இன்னும் கூடும். சரி, அது இங்கத்தையக் கதை. மலையில் என்ன நடக்கும்? பாரம் ஏற்றிக்கொண்டு றம்பொடைப் பக்கம் இறங்குகிறது லொறி. கால் எடுத்தபடி, புகை போகிற வழியை மறித்து வேகம் குறைக்கிற எக்ஸோஸ்ட் பிரேக்கில் நீண்ட இறக்கம். எஞ்சினில் டீசல் எரியாத நேரம்தான் அதிகம், வெளியே இரவுக் குளிர், தண்ணீரை மறிக்க வால்வும் இல்லை. எஞ்சின் ஆறிவிடும். வளைவில் கிளச்சை மிதித்ததும் ஐட்லிங் தடுமாறி அணைந்துவிடும். எஞ்சின் அணைந்தால் ஸ்ரேறிங் இறுகும். பிரேக்குக்குத் துணை செய்கிற வக்குவமும் ஒன்றிரண்டு மிதியோடு தீர்ந்துபோகும். வளைவில் அது நடந்தால் மரக்கறி அழுகுவதைப் பற்றிப் பேச ஆளே இருக்காது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் எங்களுடையது. இல்லாததை வைத்துச் சமாளிக்கிற கை எங்களுக்கு அப்போது வந்தது, அதில் எனக்குப் பெருமைதான். அந்தக் கைதான் இன்றைக்கும் எதைக் கண்டாலும் "உதை விட்டிட்டு நேர குடு" என்கிறது. ஹீற்றர் பிளக்குக்குப் போகிற ரிலே பழுதானால் புதிது போடாமல் வயரை வெட்டி விட்டிருப்பார்கள். இங்கே அது இல்லாமலே ஸ்ராட் ஆகும், ஆகவே வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பார்ப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பிளக்குகளை இணைக்கிற தகட்டைக் கழற்றிவிட்டு, பற்றறியின் பொசிற்றிவில் ஒரு முனை தொட்ட ரெஸ்ட் லாம்பின் மறு முனையை ஒவ்வொரு பிளக்கிலும் தனித்தனியே வையுங்கள். எரியாத இடத்தில் பிளக் செத்துவிட்டது. தகட்டைக் கழற்றாமல் வைத்தால் ஒன்று நல்லதாக இருந்தாலும் எல்லாம் எரியும், ஏமாந்துபோவீர்கள்.

பற்றறியிலும் இதே சமாளிப்பு. 24 வோல்ற் லொறியில் பாட்டுப் பெட்டிக்கும் சோடனை லைற்றுக்கும் 12 வோல்ற் வேண்டும் என்று இரண்டு பற்றறியில் ஒன்றில் மட்டும் வயர் எடுத்திருப்பார்கள். அந்த ஒன்று எப்போதும் அரைச் சார்ஜ். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகிக் கெடும். விடியப்புறம் குளிரில், எஞ்சின் ஒயிலும் தடித்திருக்கிற நேரம், ஸ்ராட்டர் சோர்ந்து சுற்றும். சுற்றும்போது இரண்டும் சேர்ந்து 19 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பம்மைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை.

இனி நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு வருகிறேன். உங்களிடம் இருக்கிற மிகச் சிறந்த கருவி சாரதி. லொறியைக் கொண்டுவந்து விடும்போது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் வருகிறீர்கள். "எப்ப நிண்டது?" என்று கேட்டால் "மலையில" என்கிறீர்கள். அது போதாது. விடிய முதல் ஸ்ராட்டிலேயே பிடிக்கவில்லையா? பிடித்துக் கொஞ்ச நேரம் ஓடி நின்றதா? ஏற்றத்தில் பாரத்தோடு நின்றதா? இறக்கத்தில் கால் எடுத்தபோதா? நாலும் நாலு விதமான வருத்தம். அப்புறம் புகை. ஸ்ராட்டர் நன்றாகச் சுற்றி, வெள்ளைப் புகை தள்ளியும் பிடிக்கவில்லையென்றால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை: ஹீற்றர் பிளக்கையும், காற்று அழுத்தப்படுகிற கொம்பிரசனையும் பார்க்க வேண்டும். சுற்றுகிறது, புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. பிடித்துச் சில நிமிடத்தில் நின்றால், பில்டருக்குள்ளும் பம்முக்குள்ளும் தங்கியிருந்ததில் ஓடி முடித்திருக்கிறது, பின்னால் வரவில்லை. ஏற்றத்தில் இழுவை குறைந்து நின்று, சும்மா விட்டுவிட்டு அடித்தால் திரும்ப ஸ்ராட் ஆகிறதென்றால் டீசல் தாங்கிக்குள் பாருங்கள். உறிஞ்சுகிற குழாயின் வலையில் துணித் துண்டோ ஊத்தையோ போய் ஒட்டியிருக்கும். எஞ்சின் நின்றதும் விழுந்துவிடும். தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருந்தாலும் இதே குணம்தான். மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். மலையில் வெறும் கறுப்புப் புகை வந்து இழுவை கொஞ்சம் குறைவது காற்று மெல்லிதானதால். அதற்காக யாரும் பயப்பட வேண்டாம்.

இதெல்லாம் சாரதி கண்ணால் பார்த்தது. அதைக் கேட்காமல், லொறி நின்றது அவர் குற்றம் என்று ஏசி, அழுகின கரட்டுக்கு அவர் சம்பளத்தில் பிடிக்கிறவர்களும் உங்களுக்குள் இருக்கிறார்கள். கேட்க விசர் வருகிறது. கையை மடக்கிக்கொண்டு நிற்கிற மனிசன் உங்களுக்கு எதையும் சொல்ல மாட்டார்.

நான் அதிகம் கண்ட காரணம் எயர் இழுப்பது. தாங்கியிலிருந்து பம்வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அந்த வழியில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் டீசல் வெளியே சிந்தாது, காற்றுத்தான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் குடிப்பது போல. பழைய ரப்பர் ஹோஸ் சூட்டில் இளகிக் கிளிப்போடு இறுக்கமாக இருக்கும். குளிரில் விறைத்துச் சுருங்கி வழி விடும். திரும்பத் திரும்பப் போட்ட செப்பு வாஷரும் அப்படித்தான். அதனால்தான் மத்தியான வெயிலில் கராஜில் நிற்கிற லொறியில் எந்தப் பிழையும் தெரிவதில்லை, உடனே பம் சந்தேகத்துக்கு ஆளாகிறது.

ஒரு கன்டர் இப்படித்தான் வந்தது. பம் ஏற்கெனவே செய்தாயிற்று. பம்முக்குப் போகிற வழியில் ஒரு சாண் தெளிவான பிளாஸ்ரிக் குழாயைச் சோதனைக்காக இடையில் பூட்டினேன். எஞ்சின் சீராக ஓடியது, குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. பிறகு குருநகரிலிருந்து மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் வாங்கி உடைத்துச் சாக்கில் கட்டி, டீசலிலிருந்து தண்ணீர் பிரிக்கிற கிண்ணத்துக்கும், டீசலைக் கையால் இழுத்து விடுகிற கைப்பம்முக்கும் இடையிலிருந்த ஹோஸைச் சுற்றிப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். திரும்பி வந்து ஸ்ராட் பண்ணினால், அந்தத் தெளிவான குழாயில் முதலில் கடுகு போல இரண்டு மூன்று குமிழி, பிறகு சரம் சரமாக. எஞ்சின் இருமி இருமி நின்றது. ஹோஸைக் கழற்றி மடக்கிப் பார்த்தபோது கிளிப் கடித்த இடத்தில் வட்டமாக வெடிப்பு. அடி கணக்கில் வெட்டித் தருகிற ஒரு துண்டு ஹோஸ், இரண்டு கிளிப். அவ்வளவுதான்.

ஐஸ் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி: சுத்தமான டீசல் நிரப்பிய கானைப் பம்முக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நேராகக் கொடுத்துப் பாருங்கள். லொறி நிற்காமல் ஓடினால் பிழை தாங்கிக்கும் பம்முக்கும் இடையில். பம்மைத் தொட வேண்டியதே இல்லை.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். 2022 இல் வரிசையில் நின்ற பயத்தில் பரலில் டீசல் சேர்த்து வைக்கிற பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை. பரலின் அடியில் தண்ணீர் சேரும், ஊத்தை பிடிக்கும், எல்லாம் தாங்கிக்குப் போகும். விடிய ஸ்ராட் பண்ண முதல் பிரிக்கிற கிண்ணத்தின் அடித் திருகை இளக்கிக் கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். அந்தப் போத்தலை நுவரெலியாவில் ஓர் இரவு வெளியில் வைத்தால் இன்னொன்றும் தெரியும்: விடிய டீசல் பால் போல மங்கி, வெயில் பட்டதும் தெளிந்தால் அது குளிரில் டீசலுக்குள் மெழுகு கட்டுவது. அதை நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன். மெழுகுக்கு மருந்து என்று யாராவது மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பம்முக்குள் ஒயில் வேலையைச் செய்வதும் டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு, பம் உண்மையிலேயே தேய்ந்துவிடும். ஹீற்றர் பிளக் போட்டபடி ஸ்ராட்டிங் ஸ்பிரே அடிப்பது அதைவிட மோசம். பிஸ்டன் வெடித்த எஞ்சினைத் திறந்து பார்த்தவர்களைக் கேளுங்கள்.

கொமன் ரெயில் லொறி, அதாவது எல்லா நொசிலுக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்து, கணினி கட்டுப்படுத்துகிற லொறி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் கணினியை வாசிக்கிற ஸ்கானரில் ரெயில் அழுத்தம் குறைவு என்று வந்தால் உடனே சென்சர் மாற்றுகிறார்கள். பில்டர் அடைத்தாலும் எயர் இழுத்தாலும் அதே குறியீடுதான் வரும். விடிய ஸ்ராட் பண்ண முதல் ஸ்கானரில் தண்ணீர், காற்று, டீசல் மூன்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவு முழுக்க ஆறிய லொறியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியே விலகி நின்றால் அந்த சென்சரை மாற்றலாம்.

பம் பழுதாகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆகும். ஆனால் கழற்ற முதல் என்னென்ன பார்த்தீர்கள் என்று கராஜ்காரரைக் கேளுங்கள். பம் செய்கிற கடையில் செய்ய முதலும் செய்த பிறகும் பம்மைப் பூட்டி அளக்கிற ரெஸ்ட் பெஞ்சில் என்ன அளவு வந்தது என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள், என் கராஜாக இருந்தாலும். மலை ஏறுகிற லொறியில் ஒரு டீசல் பில்டர், ஒரு முழம் ஹோஸ், நாலு கிளிப், ஒரு கண்ணாடிப் போத்தல் கிடக்கட்டும். தேமோஸ்டாற் இருக்கிறதா என்று தை பிறக்க முதல் பார்த்துவிடுங்கள்.

லொறியைக் கொண்டுவருவதென்றால் முதல் நாள் பின்னேரமே சாரதியோடு கொண்டுவந்து விடுங்கள். சூட்டோடு வந்து நிற்கிற எஞ்சினில் குளிர் வருத்தம் பார்க்க முடியாது. விடியப்புறம் ஐந்து மணிக்கு நான் கராஜைத் திறப்பேன். அதுவரை ஒருவரும் திறப்பைப் போட்டுச் சுற்றக் கூடாது.

இப்படிக்கு,
மருதனார்மடத்திலிருந்து ஒரு டீசல் மெக்கானிக்