செயலாளரின் ஆண்டறிக்கை: உள்ளாட்சித் தேர்தலும் நம் ஊர்ப் பேச்சும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். 2019 பிப்ரவரி முதல் 2020 ஜனவரி முடிய சங்கம் ஆற்றிய பணிகளை இவ்வறிக்கையில் முன்வைக்கிறேன். ஊருணி தூர்வாரியதும் படிப்பகத்துக்கு ஓடு மாற்றியதும் பொருளாளரின் வரவு செலவு அறிக்கையில் விவரமாக உள்ளன. ஆகவே ஆண்டின் பெரும் உழைப்பு செலவான உள்ளாட்சித் தேர்தலைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலரின் கீழ் இருந்தோம். ஒருவழியாக 27 மாவட்டங்களில் டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் வாக்குப்பதிவு என்று அறிவிக்கப்பட்டு, 9ஆம் தேதி மனுத்தாக்கல் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள், ஞாயிறன்று, மந்தையில் கூடிய ஊர்க்கூட்டத்தில் ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விட்டு அந்தப் பணத்தைக் கோயில் திருப்பணிக்கு வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. சங்கம் அதை எதிர்த்தது. ஏலம் எடுத்தவர் மட்டுமே மனுத்தாக்கல் செய்தால் போட்டி இராது, போட்டி இல்லையேல் பிரச்சாரமும் இராது, தெருவிளக்கையும் குடிநீரையும் பற்றி வேட்பாளரை நிறுத்திவைத்துக் கேட்க ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை வாய்க்கும் சில நாள்களும் போய்விடும் என்று எடுத்துச் சொன்னோம். ‘ஊர் ஒற்றுமையைக் கெடுக்கிறீர்கள்’ என்ற ஏச்சுக்கு ஆளானாலும் ஏலம் நடக்கவில்லை.

ஆனால் மிரட்டல் வேறு வாசல் வழியாக வந்தது. ஒரு வேட்பாளரை முன்மொழிந்து கையெழுத்திட்ட நம் உறுப்பினரின் வீட்டுக்கு இரவு பத்து மணிக்குமேல் இருவர் வந்து, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “நூறு நாள் வேலைக்கு அக்காவும் வருதுல்ல, நல்லா யோசிச்சுக்கப்பா” என்று மட்டும் சொல்லிச் சென்றனர். கையோங்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. புகார் எழுதும்போது இதை எப்படி எழுதுவது என்று நாங்களே திணறினோம். உடலுக்கு மட்டுமன்றி எவ்விதத் தீங்கும் வரும் என அச்சுறுத்தித் தேர்தல் உரிமையில் தலையிடுவதை அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 171சி பிரிவு தகாத செல்வாக்கு என்றது. பட்டியல் சாதியினரை வாக்களிக்கவோ, மனுத்தாக்கல் செய்யவோ, முன்மொழியவோ விடாமல் தடுப்பது 2015ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றமாகவே உள்ளது. மேலவளவில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டதையும், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தேர்தலைத் தடுத்தும் வென்றவரை உடனே விலகவைத்தும் 2006 வரை காலம் கழிந்ததையும் கண்ட மதுரை மாவட்டத்தில், இத்தகைய மெல்லிய பேச்சின் பொருள் எவருக்கும் விளங்காமல் இராது.

வாட்ஸ்அப் குழுவில் தெருவிளக்குக் கணக்கைக் கேட்ட இளைஞரிடம் ‘சைபர் கேஸ்’ வரும் என்று சிலர் கூறினர். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே நீக்கிவிட்டதைச் செயற்குழு அவருக்கு விளக்கியது. வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் பரப்புவது அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 171ஜி பிரிவில் குற்றம் என்பதையும், கணக்குக் கேட்பது அதில் அடங்காது என்பதையும் சேர்த்தே சொன்னோம்.

பெண் உறுப்பினர்களின் கூட்டத்தில் வெளிப்பட்ட அச்சம் வேறு. வாக்குச்சீட்டின் அடிக்கட்டையில் கையெழுத்து வாங்குவதால் யாருக்குப் போட்டோம் என்று பின்னால் தெரிந்துவிடும் என்று பலர் நம்பினர். நான்கு பதவிகளுக்கான வாக்குச்சீட்டுகளைப் போல வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு தாள்களை வெட்டி, முத்திரையிட்டு மடிப்பதைக் காட்டி, அடிக்கட்டைகள் தனியே முத்திரையிடப்படுவதை விளக்கினோம். வாக்காளர் தம் விருப்பத்தை வெளியிடுவது பேச்சுரிமையின் பகுதி என்றும், அதன் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்றும் ‘நோட்டா’ வழக்கில் 2013 செப்டம்பர் 27 அன்று வந்த தீர்ப்பையும் வாசித்தோம். ஆயினும், சில நூறு வாக்குகளே உள்ள வார்டில் ஒரு தெருவின் சாய்வு எண்ணிக்கையில் தெரிந்துவிடாதா என்று ஒரு மூதாட்டி கேட்டதற்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. தனி ஒருவரின் வாக்கு தெரியாது என்று மட்டுமே சொல்ல முடிந்தது.

நம் தரப்பில் நேர்ந்த பிழையையும் குறிக்க வேண்டும். வேட்பாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அடங்கிய துண்டறிக்கையின் முதல் கட்டு அச்சகத்தின் பெயரோ வெளியிடுவோர் பெயரோ இன்றி வந்துவிட்டது. விதிமீறல் என்று தெரிந்ததும் அதை விநியோகிக்காமல் நிறுத்தி, மறுபடி அச்சிட்டோம். அச்சுச் செலவு இரட்டித்ததற்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பு.

முன்மொழிந்த உறுப்பினருடன் தலைவரும் நானும் காவல் நிலையம் சென்று அளித்த மனுவுக்கு ரசீது பெறப்பட்டு, அது சங்கப் பதிவேட்டில் ஒட்டப்பட்டுள்ளது. விசாரணை குறித்து எழுத்து மூலமான பதில் இன்றுவரை வரவில்லை. அம்மனுவைத் தொடர்வதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்