புள்ளிப் பட்டியலின் பத்தாவது வரியை ஏன் வெட்டினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் நம் சென்னை கிரிக்கெட் அணி சி.எஸ்.கே. பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு வரி மூன்று நாளாக என்னை உறுத்துகிறது. தோனியின் வயதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சேப்பாக்கம் மைதானத்துப் பக்கமே வராமல் டிவி முன்னால் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர்களாம். உண்மையான ரசிகன் கணக்குப் பார்க்க மாட்டானாம்.

ஐயா, நான் வாலாஜா பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் 31 வருடம் கணக்கு எழுதியவன். கணக்குப் பார்க்காதே என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் உங்கள் கட்டுரையாளர்தான். சில மார்ச் மாதங்களில் முதலாளிக்கு அந்த ஆசை இருந்திருக்கும். அவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆகவே முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025 ஐ.பி.எல். போட்டியில் நமக்கு 14 ஆட்டம், 4 வெற்றி, 10 தோல்வி, 8 புள்ளி. ராஜஸ்தானுக்கும் அதே 8 புள்ளிதான். ரன் ரேட்டில் அவர்கள் ஒன்பதாவது, நாம் பத்தாவது. 2008-லிருந்து இன்றுவரை நாம் கடைசி இடத்தில் முடித்ததே இல்லை, இதுதான் முதல் தடவை. சேப்பாக்கத்தில் மும்பையை ஜெயித்ததோடு சரி, அப்புறம் அங்கே ஆடிய ஐந்து ஆட்டமும் வரிசையாகப் போயிற்று. கொல்கத்தாவோடு 20 ஓவரும் நின்று 103 ரன் எடுத்தோம். அவர்கள் 10.1 ஓவரில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்துதான் அந்த வரியை அச்சில் ஏற்றியிருக்கிறீர்கள்.

டிவி முன்னால் உட்கார்ந்தவன் என்ற பட்டத்துக்கு வருகிறேன். மார்ச் 28-ம் தேதி பெங்களூரு ஆட்டத்துக்கு நேரில் போயிருந்தேன். டிக்கெட் விற்கிற இணையதளத்தில் இரண்டு மணி நேரம் ஒரு சக்கரம் சுற்றியதுதான் மிச்சம். கடைசியில் பெங்களூரில் படிக்கும் மகள் வயிற்றுப் பேரன்தான் எப்படியோ இரண்டு டிக்கெட் பிடித்தான். அவற்றின் விலை என் பி.எஃப். பென்ஷனைவிட அதிகம். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர். மத்தியான வெயிலில் ரயிலேறினோம். என் மேல் மஞ்சள் சட்டை, அவன் மேல் சிவப்பு. வேலூர்க்காரன் தலையெழுத்து அது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் வீடு, நடுவில் கிழிந்த குடும்பம்.

அன்று பெங்களூரு 196 ரன் எடுத்தது. நம் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 99 ரன்னில் ஏழாவது விக்கெட்டாக அஸ்வின் அவுட். சென்னையில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு 9.75 கோடிக்குச் சொந்த மைதானத்துக்குத் திரும்பி வந்தவர். அவர் அவுட்டானதும் மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. விசில் காதைக் கிழித்தது. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து இறங்குகிறவர் தல தோனி. ஒன்பதாவது ஆளாக இறங்கினார். கடைசி ஓவரில் குருணால் பாண்டியாவை இரண்டு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்தார். 16 பந்தில் 30. நாம் தோற்றது 50 ரன்னில். பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்து 17 வருடம் ஆகியிருந்தது. எங்கள் வரிசையில் இருந்த மஞ்சள் சட்டைக்காரர்களோ கோப்பையை வாங்கியவர்கள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நானும் கைதட்டினேன். மறைக்கவில்லை. பேரன் என்னையே பார்த்துவிட்டு, “தாத்தா, நீங்க மேட்ச் பார்க்க வந்தீங்களா, தோனியைப் பார்க்க வந்தீங்களா?” என்றான். திரும்பி வருகிற பஸ்ஸில் கண்ணை மூடினால் அதே கேள்வி.

விடியும்போது வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் உங்கள் பேப்பர் கிடந்தது. அதில் பெங்களூரு 196 ரன், சென்னை ஆடிக்கொண்டிருந்தது! வேலூர்ப் பதிப்பு சீக்கிரம் அச்சுக்குப் போய்விடுகிறது என்று உங்கள் அலுவலகத்தில் எப்போதும் ஒரே பதில்தான். சரி, சீக்கிரமே போகட்டும். அதற்கு மறுநாளாவது முழு ஸ்கோரைப் போடலாமே? போட மாட்டீர்கள். பேப்பரை மட்டும் படிக்கிறவனுக்கு அந்த ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நாம் இன்னும் தோற்கவில்லை.

வயதானவர்கள் ஆடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018-ல் முப்பது தாண்டியவர்களாகப் பொறுக்கி எடுத்தபோது நாடே ‘அப்பாக்கள் பட்டாளம்’ என்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த வருட இறுதி ஆட்டத்தில் 36 வயது வாட்சன் 57 பந்தில் 117 அடித்து ஹைதராபாத்தை நொறுக்கிய ராத்திரி, எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தது நான்தான். அன்று வயதானவர்கள் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார்கள். இன்று பத்து ஓவர் நின்று ஓடியாட தோனியின் முழங்கால் இடம் கொடுக்காது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே சொல்லிவிட்டார். அவர் சொன்னால் விளக்கம், நான் சொன்னால் துரோகமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியர் ‘அன்கேப்டு’ என்று ஒரு விதி. அதைப் பிடித்துக்கொண்டு 4 கோடிக்கு அவரைத் தக்கவைத்தார்கள். உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன், காகிதத்தில் இந்தியாவுக்கே ஆடாதவர்! நான் இப்படி ஒரு பேரேடு எழுதியிருந்தால் ஆடிட்டர் வேறு விதமாகப் பேசியிருப்பார்.

பையன்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார்களே என்று உங்கள் கட்டுரையாளர் பூரித்திருக்கிறார். 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருவோடு 48 பந்தில் 94 அடித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் வந்தது கேப்டன் ருதுராஜுக்கு முழங்கை உடைந்ததால். பிரெவிஸ் வந்தது குர்ஜப்னீத் காயப்பட்டதால். உர்வில் படேலும் அப்படித்தான், வன்ஷ் பேடி காயப்பட்டதால். யாருக்கும் அடிபடாமல் இருந்திருந்தால் இந்தப் பையன்களை நாம் பார்த்தே இருக்க மாட்டோம். நம்முடைய இளைஞர் திட்டத்தை நடத்தியது எலும்பு டாக்டர்தான். சென்னைப் பையன் சாய் சுதர்சனோ குஜராத்துக்கு ஆடி, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் தலைமுறை தலைமுறையாக மூலவர் இல்லாமல்தான் கிடந்தது. சாமி எங்கள் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச்சில்தான் அதைக் கோட்டைக்குள் கொண்டு போனார்கள். நான் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். அதே 1981-ல், ஜூலையில், ராஞ்சியில் தோனி பிறந்தார். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் இந்த வருடம் ஆட்டம் பார்க்கும்போதெல்லாம் அந்த ஞாபகம்தான் வந்தது. அன்று எங்களிடம் கோயில் இருந்தது, சாமி இல்லை. இன்று சேப்பாக்கத்தில் சாமி இருக்கிறது, கோயிலைத்தான் காணோம்.

எப்படியும் எழுத உட்கார்ந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் கிரிக்கெட் லீக் டி.என்.பி.எல். 2016-ல் தொடங்கியபோது திண்டுக்கல்லுக்கு அணி வந்தது, காரைக்குடிக்கு வந்தது, தூத்துக்குடிக்கு வந்தது. வட ஆற்காடு முழுவதற்குமாக ஒன்றுகூட இல்லை. இதுபற்றி உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று வரவே இல்லை. இன்னொன்று ‘ஆற்காடு, வேலூர் மாவட்டம்’ என்று போட்டு வந்தது. ஆற்காடு 2019-லேயே ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது, தவிர நான் இருப்பது ஆற்காட்டிலும் இல்லை. ஹாக்கி வேறு. 2023 ஆகஸ்டில் எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா மலேசியாவை 4-3 என்று ஜெயித்தது. அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் அந்த அணியில் இருந்தான். நீங்கள் ஒதுக்கியது ஒரு ஒற்றைப் பத்தி. அதே பக்கத்தில் பாதி அளவுக்கு தோனி பைக் ஓட்டும் படம்.

ஹாக்கி என்றதும் நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஞாபகம் வருகிறார். பாரிஸ் ஒலிம்பிக்தான் கடைசி என்று போகும்போதே சொல்லிவிட்டார். 36 வயதில் ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து, வெண்கலத்தோடு கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்தார். அவ்வளவுதான். நம்மவரோ கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்னில் ஜெயித்த பிறகு, ஓய்வு பற்றி முடிவெடுக்க நான்கைந்து மாதம் இருக்கிறது, அவசரமில்லை என்றார். என்னை 58-ல் ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு யாரும் நான்கைந்து மாதம் கொடுக்கவில்லை. இதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அவரைப் போகச் சொல்லி நான் எழுதவில்லை. அது அவர் பாடு, அணி பாடு. உங்களிடம் கேட்க இருப்பது ஒன்றே ஒன்று. லீக் ஆட்டங்கள் முடிந்த மறுநாள் நீங்கள் போட்ட புள்ளிப் பட்டியல் எட்டாவது வரியில் கொல்கத்தாவோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்த இடத்தில் தோனி மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் படம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் பேரனுக்கு அனுப்பினேன். நேற்று ராத்திரி அவன் அணி இறுதிக்குப் போன குஷியில் போன் செய்தவன், “தாத்தா, உங்க பேப்பர்படி இந்த வருஷம் சி.எஸ்.கே. ஆடவே இல்லையா?” என்கிறான். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை.

தயவுசெய்து இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து வரியும் உள்ள முழுப் பட்டியலை ஒரு முறை போடுங்கள். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டேன், இன்னும் இரண்டு வரிக்கு அரை அங்குலம் போதும். படத்தில் மட்டைக்கு மேலே வெறும் வானம் அதைவிட அதிகமாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பேப்பரை 1984-லிருந்து வாங்கும் வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர் மாவட்டம் (ஆற்காடு அல்ல)