வம்சாவளியில் விடுபட்ட பூட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர் போடும்போதும் சரி, வாட்ஸ்அப் குழுவில் வம்சாவளி வரையும்போதும் சரி, ஏழு தலைமுறைப் பெயரைப் பெருமையாக எழுதுகிறோம். அத்தனையும் ஆண்கள் பெயர். பெண்ணுக்கு அதில் இடம் கிடைத்தால் இன்னார் மனைவி, மிஞ்சிப்போனால் பிறந்த ஊர். எங்கள் வம்சாவளியிலும் தாத்தாவைப் பெற்ற பூட்டிக்குப் பெயர் இல்லை. அவரைப் பற்றி வீட்டில் மிச்சமிருந்த ஒரே பேச்சு, "அவ பெரிய வாய்க்காரி" என்பதுதான்.

எங்களுடையது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் ஊர். தாத்தாவின் தங்கை வழிப் பேரன்கள் ஒரு புஞ்சையை விற்கப் போக, வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்டார். பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, அதாவது நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல் கேட்டு, பின்னால் போய்ப் பார்த்து நகல் வாங்கினால், 1948-இல் எழுதிய தான செட்டில்மெண்ட், அதாவது குடும்பத்துக்குள் சொத்தை இனாமாக எழுதிக் கொடுக்கும் பத்திரம். எழுதிக்கொடுத்தவர் எங்கள் பூட்டி, வாங்கியவர் அவருடைய மகள். பருத்தி வியாபாரத்தில் சுயார்ஜிதமாக (சொந்தச் சம்பாத்தியத்தில்) கிரயம் பெற்ற நிலம், ஆண் பிள்ளைகளுக்குத் தகப்பன் வழிப் பங்கு இருப்பதால் இதில் யாதொரு பாத்தியமும் இல்லை என்று பிசிறில்லாமல் எழுத வைத்திருக்கிறார். அப்பா சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1956 வாரிசுரிமைச் சட்டம் சொல்வதற்கு 8 வருஷம் முந்தி, பூர்வீகச் சொத்திலும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இல் திருத்துவதற்கு 41 வருஷம் முந்தி, எழுதப்படிக்கத் தெரியாத ஒரு விதவை செய்த காரியம் இது.

நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட பிறகுதான் பெரிய அத்தை வாயைத் திறந்தார். பூட்டியின் கணவர் இறந்தபோது மூன்றும் சின்னப் பிள்ளைகள். 1937-இல் சட்டம் வரும் வரைக்கும் கூட்டுக்குடும்பத்து விதவைக்கு ஜீவனாம்சம்தான், பங்கு என்று கேட்க வழியில்லை. கொழுந்தன் அந்த ஜீவனாம்சத்தையும் ஒழுங்காகக் கொடுக்காமல் வீட்டை விட்டு அனுப்பிவிட, பூட்டி சுற்றுப்பட்டு ஊர்களில் பருத்தி வாங்கி வண்டி கட்டி விருதுநகர் பேட்டைக்கு அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். எடை போடும்போது தராசை வேறு ஆளிடம் விடமாட்டாராம். வாய்க்காரி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. எடையில் ஏமாற விடாத பெண்ணுக்கு ஊர் வேறு என்ன பேர் வைக்கும்?

அப்புறம் கிடைத்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். கொழுந்தன் வழி வீட்டுத் தகரப்பெட்டியில் 1943-ஆம் வருஷத்து அடமானப் பத்திரம் ஒன்று இருந்தது. யார் வீட்டை விட்டு அனுப்பினாரோ அதே கொழுந்தன், தன் புஞ்சையைப் பூட்டியிடமே அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். பத்திரத்தின் முதுகில் வட்டியும் அசலுமாக ஒவ்வொரு தவணைக்கும் வரவு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பூட்டியின் கைநாட்டு. மை அப்பாமல், ரேகை தெளிவாக, வரிசையாக இருக்கிறது. கடைசி வரவில் கணக்குப் பைசலானது என்று எழுதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

இதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. மூதாதையரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சர்வே நம்பரை வைத்தோ தாத்தா பெயரை வைத்தோ தேடி நிறுத்திக்கொள்கிறார்கள். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி சொத்துப் பத்திரங்களுக்கு ஆள் பெயர் அட்டவணை ஒன்று தனியாக உண்டு. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரும் அதில் ஏறும். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். அந்த அட்டவணையில் உங்கள் பாட்டி, பூட்டி பெயரைப் போட்டுத் தேடுங்கள். வீட்டிலுள்ள வயதான பெண்களிடம் காகிதத்தைக் காட்டிக் கேளுங்கள், சும்மா கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். பதிவுத்துறைக்கும் ஒரு கோரிக்கை. பழைய பெயர் அட்டவணைகள் பல இடங்களில் ஒடிந்து உதிரும் நிலையில் இருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து, பெயரை வைத்து இணையத்தில் தேடும்படி செய்ய வேண்டும்.

எங்கள் வம்சாவளியைத் திருத்தி, பூட்டியின் பெயரை அவர் பெயராகவே போட்டு மறுபடி அச்சிடக் கொடுத்துவிட்டோம். உயில்களுக்கு மூன்றாம் புத்தகம் என்று தனிப் பதிவேடு உண்டு, எழுதியவர் காலமான பிறகு யார் கேட்டாலும் நகல் கொடுப்பார்கள். பூட்டி உயில் ஏதும் எழுதியிருக்கிறாரா என்று அடுத்து அதில் பார்க்கப் போகிறோம்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வட்டாரத்து வாசகர் ஒருவர்