நீலப்பட்டை ஜோடியைப் பிரிக்கும் நேரம்

பாளையங்கோட்டை
மாசி 22

அன்புள்ள மகளுக்கு,

இறக்கையில் பட்டைக் கோடு உள்ள நம் நீலப்பட்டைப் புறா ஜோடியை எப்போது பிரிப்பது என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதியே கொடுத்துவிடுகிறேன். கூட இருக்கும் தீப்பெட்டியில் குஞ்சின் காலில் போடும் இந்த வருஷத்து வளையம் 4 இருக்கிறது. இறக்கையில் கட்டம் போட்ட செக்கர் ஜோடியின் குஞ்சுகளுக்கு நாளைக்கு 7 நாள். கடிதத்தை மூடிவைக்கும் முன்னே அதைப் போட்டுவிடு. முன்விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து வளையத்தை நுழை. பின்விரலைக் காலோடு ஒட்டி மடக்கி, அதன் மேலேயே வளையத்தை ஏற்று. பிறகு தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் பின்விரலை மெதுவாக வெளியே இழுத்துவிடு. இறுக்கினால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். 10 நாள் தாண்டினால் பாதம் பெருத்து நுழையாது. மறுநாள் காலையில் வளையம் காலில் இருக்கிறதா என்று பார். மெலிந்த குஞ்சாக இருந்தால் கழன்று எச்சத்துக்குள் கிடக்கும்.

நீலப்பட்டைப் பெட்டை நேற்றுச் சாயங்காலம் முட்டை வைத்து, அதன்மேல் சரியாக உட்காராமல் நிற்கிறது என்றாய். அது நோயில்லை. இரண்டாவது முட்டை நாளை மத்தியானத்துக்கு மேல் வரும், அதற்குப் பிறகுதான் அழுத்தி அடைகாக்கும். அப்போதுதான் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்கும். ஆனால் அதன் முதல் ஈட்டில் பொரித்த 20 நாள் குஞ்சுகள் இரண்டும் அதே அறையில் இருக்கின்றனவே, அவை சும்மா இராது. தீனி கேட்டுக்கொண்டே முட்டைச் சட்டிக்குள் ஏறி மிதிக்கும். இரண்டு சட்டிக்கும் நடுவில் செங்கல்லைக் குத்துக்கல்லாக வை. குஞ்சுக்கு ஊட்டுவது இனிமேல் பெரும்பாலும் ஆண்தான்.

அந்தக் குஞ்சுகளைத் தாய் தகப்பனிடமிருந்து மாசி 27, 28 வாக்கில் பிரிக்கலாம். நாள் கணக்கை மட்டும் நம்பாதே. குஞ்சைக் கையில் எடுத்து இறக்கையை விரித்து அக்குளைப் பார். சதை சிவப்பாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு நாள் விடு. இறகு மூடியிருந்தால் எடுத்துவிடு. தானாகத் தரையில் இறங்கித் தீனி கொத்துகிறதா என்பதும் முக்கியம். ரொம்ப நாள் விட்டுவைத்தால் ஆண் புறா அதன் தலையைக் கொத்திப் புண்ணாக்கிவிடும்.

காலையில் பிரித்தால் சாயங்காலம் வரை கவனிக்க நேரம் கிடைக்கும். தீனி தெரிந்த குஞ்சுக்குத் தண்ணீர் தெரியாது, பாதிக் குஞ்சு இதில்தான் போகிறது. அலகை மட்டும் தண்ணீரில் முக்கு, மூக்கு முழுகக் கூடாது. இரண்டு மூன்று முறை செய்தால் உறிஞ்சப் பழகிவிடும். அடையும் நேரத்தில் இரைப்பையைத் தொட்டுப் பார்: நனைந்த பயறு மூட்டை மாதிரி நெகிழ்ந்து இருக்க வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை என்று அர்த்தம். முதல் வாரம் கம்பு, கோதுமை, பாசிப்பயறு போதும். மக்காச்சோளத்தைப் பிறகு சேர். ஒரு குஞ்சுக்கு நாளுக்கு 30 கிராமுக்கு மேல் போகாது. குஞ்சோடு இருக்கும் ஜோடிக்கு மட்டும் அளவு வைக்காதே, கிலோவுக்கு 300 கிராம் பட்டாணி கலந்து வயிறு நிறையப் போடு. கிளிஞ்சல் தூளும் செங்கல் பொடியும் தீரவே கூடாது.

இனி நீ கேட்ட கேள்வி, ஜோடியைப் பிரிப்பது. இரண்டாவது ஈடு, அதாவது இப்போது வைக்கும் முட்டைகள், பங்குனி 11 வாக்கில் பொரிக்கும். அதற்குப் பிறகு இன்னொரு முட்டைக்கு இடம் கொடுக்காதே. குஞ்சுக்கு 18, 20 நாளானால் பெட்டை மறுபடி முட்டை வைக்கும். அதனால் பங்குனி 25-ஆம் தேதியே பெட்டையை எடுத்துவிடு. முதல் ஒரு வாரம் புறாப்பால் ஊட்டத் தாய் கண்டிப்பாக வேண்டும். 14 நாளுக்குப் பிறகு தானியம்தான். ஆண் ஒன்றே இரண்டையும் கரைசேர்த்துவிடும். மூன்றாவது ஈடு எடுத்தால் அது அக்கினி நட்சத்திரத்தில் பொரிக்கும். அந்தத் தகர ஓட்டுக்கடியில் குஞ்சும் தேறாது, பெட்டையும் தேறாது. ஆசைப்படாதே எம்மா.

பெட்டைகளை வைக்கும் இடத்திலிருந்து ஆணின் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. மாடிப்படிக்கு அடியில் அந்த மரக்கூண்டு சரியாக இருக்கும். இரண்டு பெட்டையையும் ஒரே அறையில் அடைத்தால் அவையே ஜோடி சேர்ந்து கூமுட்டை வைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும். நடுவில் பலகை அடித்துத் தனித்தனியாக விடு. பட்டாணியைக் குறைத்துக் கம்பும் கோதுமையும் கூட்டு.

பெரிய புறா நாலில் எதையும் வெளியே விடாதே. அவை இங்கே பாளையங்கோட்டையில் பிறந்தவை. உன் அத்தை தெரியாமல் கதவைத் திறந்தாலும் முக்கால் மணி நேரத்தில் நம் மொட்டைமாடித் தட்டட்டியில் வந்து நிற்கும். உங்கள் அம்பாசமுத்திரத்து வானத்தை முதலில் பார்க்கிற குஞ்சுதான் உன் புறா.

பிரித்த குஞ்சுகளை ஒரு வாரம் கம்பிக்கூண்டில் தட்டட்டியில் வைத்து அக்கம்பக்கம் பார்க்க விடு. வெயில் தாழ்ந்ததும் வைத்தால் போதும், பக்கத்திலேயே இரு. மலையோரமாதலால் வல்லூறு வரும். தினமும் தீனி போடும்போது ஒரே டப்பாவைக் குலுக்கு. ஐந்து வாரம் ஆனதும், பறக்கப் பலம் வருவதற்குள், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது கதவைத் திற. அன்று மத்தியானத் தீனி கொடுக்காதே. விரட்டாதே, கைதட்டாதே. கூரைமேல் நடந்துவிட்டு டப்பாச் சத்தத்துக்கு இறங்கினால் அன்றைக்கு அது போதும். ஆனி, ஆடி மேல்காற்றுக்கு முன்னால் இரண்டு ஈடும் பழகிவிட வேண்டும். அந்தக் காற்றில் புதுக்குஞ்சை விட்டால் அடித்துக்கொண்டு போய்விடும்.

வாரம் ஒருமுறை வாயைத் திறந்து தொண்டையைப் பார். மஞ்சளாகத் திரண்டிருந்தால் அது தாய் தகப்பனிடமிருந்து ஊட்டும்போதே வருவது, குஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பலனில்லை. ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்கு ஜோடியோடு கொண்டுவா, அப்படியே கழுத்துத் திருகல் தடுப்பூசியும் கேட்டுக்கொள்ளலாம். அம்மை கொசுவால் பரவும். கூண்டுக்கு வலை அடிக்க மாப்பிள்ளையிடம் சொல்.

பங்குனி 25-க்கு நானும் வருகிறேன். மரக்கூண்டுக்குப் பலகை அளந்து வை.

அப்பா