வாக்குத்தத்த அட்டையில் அச்சாகாத பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், ஆலயம் கொள்ளாமல் வெளி முற்றத்திலும் பந்தலிலும் மக்கள் கூடி நின்ற படங்களையும் கண்டேன். எங்கள் தென்னிந்தியத் திருச்சபையின் தென்மாவட்டச் சபைகளில் இத்தனை பேர் கூடுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்தக் கூட்டத்தை வைத்தே எங்கள் ஆன்மிக வாழ்வு செழித்திருக்கிறது என்று நாங்கள் முடிவு கட்டிக்கொள்வோமோ என்ற கவலை எனக்கு உண்டு. இதை எங்கள் திருமண்டலத்தின் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளின்) பத்திரிகைக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதக் காரணம், எங்கள் சபைத் தேர்தல் வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை போனதை ஊரே தங்கள் பக்கங்களில் படித்துவிட்டது. இனி வீட்டுக்குள் மட்டும் பேச என்ன இருக்கிறது?

நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைகளில், புது ஆண்டுக்கான தேவ வாக்குறுதியாக ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்து, வாசல் விளக்கின் கீழ் நின்று படித்து, அங்கேயே படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறோம். எடுத்த வசனம் மனதுக்குப் பிடிக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி மாற்றவும் பெரும்பாலும் தேவை இராது. ஏனெனில் தட்டில் இருப்பவை எல்லாமே ஆசீர்வாத வசனங்கள்தாம்.

அவற்றில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுவது, கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்பது. வேதாகமத்தில் உபாகமம் என்ற நூலின் 28-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனம் அது. கட்டளைகளுக்குச் செவிகொடுத்து அவற்றின்படி நடந்தால் என்ற நிபந்தனை அதே வசனத்தில் இருக்கிறது. அட்டையில் அந்தப் பாதியைத்தான் காணோம். அந்த அதிகாரத்தை உட்கார்ந்து முழுமையாக வாசிப்பவர், முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதமாகவும், 15 முதல் 68 வரையுள்ள 54 வசனங்கள் செவிகொடாத ஜனத்துக்கு வரும் சாபங்களாகவும் இருப்பதைக் காண்பார். இன்னொன்று எரேமியா 29:11. நமக்காகத் தேவன் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் உள்ளது. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி எருசலேம் ஆலயத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியாவோ எழுபது வருஷம் ஆகும், அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலேயே மடிந்திருப்பார்கள். இலகுவான ஆறுதலைக் கண்டித்து எழுதிய கடிதத்திலிருந்தே ஒரு வரியைப் பிய்த்தெடுத்து, நாம் அதை இலகுவான ஆறுதலாக்கிக்கொண்டிருக்கிறோம்.

அட்டை கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது என் வாதம் அல்ல. வேத வசனத்தில் நமக்கு இனிப்பதை மட்டும் கேட்டுப் பழகிய காது, நாளடைவில் கடிந்துகொள்ளுதலைக் கேட்கும் திறனையே இழந்துவிடுகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. பின்மாற்றம், அதாவது விசுவாசத்திலிருந்து வழுவிப்போதல், என்றவுடன் குடித்துக் கெட்டவனையும் ஆலயப் பக்கமே வராதவனையும் நினைத்துக்கொள்கிறோம். அவனுக்குத் தன் நிலைமை தெரியும். அவனுக்காக ஜெபிக்கவும் நாலு பேர் இருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் வந்து, சங்கக் காணிக்கையும் தசமபாகமும் பாக்கியில்லாமல் செலுத்தி, பிள்ளைகளை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அனுப்பி, அசனம் என்னும் சபை விருந்துக்கு இரண்டு மூட்டை அரிசியும் கொடுக்கிற ஒருவருக்குக் குறை இருக்கக்கூடும் என்று, பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவானவருக்கும் தோன்றாது, அவருக்கும் தோன்றாது. என் கண்ணுக்கு ஆபத்து அதிகமாகத் தெரிவது அங்கேதான். சொத்துப் பாகப்பிரிவினையில் மனம் கசந்து ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகள், அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தில் ஒரே பீடக் கிராதியின் இரு முனைகளில் முழங்காற்படியிட்டு, ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணி, ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியேறுவதைப் பார்க்காத சபை எங்கள் பக்கத்தில் உண்டா?

இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து நமக்கு வழிவந்த ஆங்கிலிக்கன் முறைமை இதை அறியாமல் இல்லை. 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தின் திருவிருந்து ஒழுங்கிலேயே, பந்தியில் சேர விரும்புவோர் ஒரு நாளாவது முன்னதாகக் குருவானவரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்றும், ஒருவர்மேல் ஒருவர் பகையோடு இருப்பவர்கள் ஒப்புரவாகும் வரை பந்தியில் சேர்க்கப்படக் கூடாது என்றும் குறிப்பு இருக்கிறது. முதல் நாள் மாலையில் ஆயத்த ஆராதனை வைத்து, தன்னைத்தானே சோதித்தறியும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை வாசித்து, சற்று நேரம் மௌனமாக இருக்க விடும் வழக்கமும் சபைகளில் இருந்தது. இன்று பாவ அறிக்கை ஜெபத்தை எல்லாரும் மனப்பாடமாக ஒப்பித்து முடிக்கிறோம். எந்தப் பாவம் என்று நினைத்துப் பார்ப்பதற்குள் பாமாலை தொடங்கிவிடுகிறது.

வசதி வந்தபின் வரும் மறதியைப் பற்றி உபாகமம் 8-ஆம் அதிகாரம் சொல்வது எங்கள் பக்கத்துக்கு நன்றாகவே பொருந்தும். நல்ல வீடுகளைக் கட்டிக் குடியிருக்கும்போது இருதயம் மேட்டிமையடையாதபடி பார்த்துக்கொள் என்கிறது அது. பனையேறிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் மிஷன் பள்ளிகளில் படித்து, ஆசிரியர்களாகி, வியாபாரிகளாகி, இப்போது வெளிநாடுகளிலிருந்து ஆலயத்துக்குப் பணம் அனுப்புகிறார்கள். அந்த வறிய நாட்களில், உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்து, நிறைந்ததும் சபைக்குக் கொண்டுவந்த தாய்மார்களின் காணிக்கையாலும் இங்கே ஊழியம் நடந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் பிற இடங்களுக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். எண்ணிக்கையில் பெரிதாயிருந்த திருநெல்வேலிச் சபை அப்படிச் செய்யவில்லையே என்பது அவரை உறுத்தியது. மறு ஆண்டே, 1903-ல், இந்திய மிஷனரிச் சங்கம் பாளையங்கோட்டையில் தொடங்கியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையோடு அதன் ஊழியர்கள் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்று வேலை செய்தார்கள். அன்றும் இங்கே ஆலயங்கள் நிறைந்துதான் இருந்தன. அசரியா அதைப் பார்த்துத் திருப்தியடையவில்லை.

கதவைத் தட்டும் இயேசுவின் படம் பல கிறிஸ்தவ வீடுகளில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்தப் படத்துக்கு அடிப்படையான, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன் என்ற வசனத்தைப் புறமதத்தாரை அழைக்கும் வசனமாக மேடைகளில் எடுத்தாள்வார்கள். ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்தில் அது லவோதிக்கேயா சபைக்கு எழுதியனுப்பப்பட்டது. கி.பி. 60-ல் பூகம்பத்தால் இடிந்தபின் ரோம அரசின் உதவி இல்லாமல் தன் பணத்திலேயே எழும்பிய ஊர் அது. அந்த ஊரின் சபையும் எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டது. உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருக்க, ஆண்டவர் வெளியே நின்று தட்டுவதாக எழுதப்பட்டிருப்பது இந்தச் சபைக்குத்தான்.

சபைகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. திருவிருந்துக்கு முந்தின நாள் மாலை ஆயத்த ஆராதனையை, வந்தவர்கள் பத்துப் பேரானாலும், சேகரங்கள் மறுபடியும் தொடங்க வேண்டும். அடுத்த ஆண்டு அட்டையில் வசனத்தை நிபந்தனையோடு முழுமையாக அச்சிட வேண்டும். சில அட்டைகளிலாவது எச்சரிப்பின் வசனங்கள் வர வேண்டும். அவற்றை எடுப்பவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கிலேயே வெளிவந்துவிடுகின்றன. அச்சு வேலைகள் அவ்வளவு முன்னதாகத் தொடங்குவதால் கமிட்டிகள் இதை டிசம்பர் வரை தள்ளிப்போடாமல், லெந்து எனும் தவக்கால நாட்களிலேயே பேசி முடிப்பது நல்லது.

இப்படிக்கு,
தென்னிந்தியத் திருச்சபை உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை.